தாத்தாவின் மாத்திரையும் டேபிள் டென்னிஸ் மட்டையும்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணன் மகன் என் அறை வாசலில் வந்து நின்றான். கையில் டேபிள் டென்னிஸ் மட்டை. உள்ளேயும் வராமல் வெளியேயும் போகாமல் நின்றான்.

"அத்தை, ஒண்ணு கேப்பேன், திட்டக் கூடாது."

திட்டு வாங்குகிற கேள்விதான் வரப்போகிறது என்று அப்போதே புரிந்துவிட்டது.

"தாத்தாவோட மாத்திரை ஒண்ணே ஒண்ணு நான் போட்டுக்கிட்டா, வேகமா ஆடுவேனா?"

திட்டினேன். ஆனால் அவன் போன பிறகு யோசித்துப் பார்த்தால், அது முட்டாள்தனமான கேள்வி இல்லை. அப்பாவுக்குப் பார்க்கின்சன் வந்து ஆறு வருடம் ஆகிறது. காலையில் சட்டைப் பொத்தான் ஒவ்வொன்றோடும் தனித்தனியாகப் போராடுவார். நாற்காலியிலிருந்து எழுவதற்கு மூன்று தடவை முன்னும் பின்னும் ஆடி வேகம் எடுக்க வேண்டும். லெவோடோபா மாத்திரை போட்டு முக்கால் மணி நேரம் ஆனதும் அதே மனிதர் தானாக எழுந்து, கதவைத் திறந்து, "செய்தித்தாள் எங்கே?" என்று அதட்டுகிறார். தினமும் இதைப் பார்க்கிற பத்தொன்பது வயதுப் பையன் என்ன கணக்குப் போடுவான்? எழுபத்து நாலு வயதுக்காரருக்கே இவ்வளவு வேகம் தருகிறது என்றால் எனக்கு எவ்வளவு தரும்?

அந்தக் கணக்கில் எங்கே தப்பு என்பதை அவனுக்கு அரைமணி நேரம் சொன்னேன். பாதிதான் கேட்டான். மீதியை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் என் கதை. எனக்கு அடிக்கடி ஒற்றைத் தலைவலி வரும். ஒருமுறை வாந்தி நிற்கவே இல்லை என்று மருத்துவமனைக்குப் போனேன். நரம்பில் ஓர் ஊசி போட்டார்கள், மெட்டோகுளோபிரமைடு. வாந்தி நின்றது. ஆனால் பத்து நிமிடத்தில் வேறொன்று ஆரம்பித்தது. படுக்கையில் படுக்க முடியவில்லை. எழுந்தேன். நிற்க முடியவில்லை. உட்கார்ந்தேன். காலுக்குள் யாரோ உட்கார்ந்துகொண்டு "எழுந்திரு, எழுந்திரு" என்று பிடுங்குகிற மாதிரி. பயம் என்றும் சொல்ல முடியாது, பதற்றம் என்றும் சொல்ல முடியாது. கையில் ஏறியிருந்த ஊசிக்குழாயைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஓடிவிடலாம் என்று நிஜமாகவே நினைத்தேன்.

இதற்கு அகதீசியா என்று பெயர். கிரேக்கத்தில் 'உட்கார முடியாமை' என்று பொருள். அந்த ஊசிமருந்து வயிற்றோடு நிற்பதில்லை, மூளைக்குள்ளும் போய், அசைவுக்கும் உந்துதலுக்கும் வேண்டிய டோபமின் என்ற வேதிப்பொருள் வந்து ஒட்டுகிற டி2 ஏற்பிகளை அடைத்துவிடுகிறது. வேகமாக ஏற்றினால் இந்தத் தவிப்பு அதிகம் வரும், கால் மணி நேரம் எடுத்து மெதுவாக ஏற்றினால் குறையும் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். எனக்கு ஒரே மூச்சில் ஏற்றினார்கள். இளவயதினர் சிலருக்கு இன்னும் மோசமாக, கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும், கண் மேலே போய் நின்றுவிடும். அதற்கு மாற்று ஊசி உண்டு, சில நிமிடங்களில் சரியாகிவிடும். பார்க்கிறவர்கள் வலிப்பு என்றோ நடிப்பு என்றோ நினைத்துவிடுகிற ஆபத்தும் உண்டு. 2013-ல் ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு இந்த மருந்தைப் பெரியவர்களுக்கு ஐந்து நாளுக்கு மேல் கொடுக்க வேண்டாம், நாளொன்றுக்கு 30 மி.கி.யைத் தாண்ட வேண்டாம் என்று கட்டுப்படுத்தியதற்கு இதெல்லாம்தான் காரணம்.

இவனுக்கு நான் சொல்ல வந்தது அந்தத் தவிப்பைப் பற்றி அல்ல, அன்று சாயங்காலம் நடந்ததைப் பற்றி. நான் ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்கிற வேலை பார்க்கிறேன். நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று மென்பொருளே கணக்கு வைக்கும். வழக்கமாகச் சுமார் எழுபது சொல் போகிற நான் அன்று ஐம்பதைத் தொடவில்லை. தலைவலியால் வந்த களைப்பும் அதில் இருந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் களைப்பில் தட்டச்சு செய்தால் தப்பு கூடும் என்பது என் பல வருட அனுபவம். அன்று தப்பு கூடவில்லை. விரலுக்கு எழுத்து இருக்கிற இடம் தெரிந்தது. போகத்தான் அதற்கு மனசில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் "இப்போ போகணுமா?" என்று கேட்டுக்கொண்டு போகிற மாதிரி இருந்தது.

"போகத்தான் மனசில்லை" என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். டோபமினின் கதை பாதிக்கு மேல் அதில்தான் இருக்கிறது.

ஆரோக்கியமான ஒரு மனிதர் இந்த மருந்துகளைப் போட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆதாரம் தேடினால், ஆராய்ச்சியாளர்கள் தங்கள் உடம்பிலேயே செய்து பார்த்த கதைகள் கிடைக்கின்றன. 1913-ல் மார்க்கஸ் குகன்ஹைம் என்ற வேதியியலாளர் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பயறிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்தார். அது எதற்கு உதவும் என்று யாருக்கும் தெரியாது. அவரே இரண்டரை கிராம் விழுங்கிப் பார்த்தார். வேகம் ஒன்றும் வரவில்லை. வாந்திதான் வந்தது. காரணம் இப்போது தெரியும்: விழுங்கிய லெவோடோபாவில் பெரும்பகுதி மூளைக்குப் போகுமுன்பே உடம்பில் டோபமினாக மாறிவிடும், அந்த டோபமின் மூளையின் தடுப்புச் சுவருக்கு வெளியே இருக்கிற வாந்தி மையத்தைத் தட்டி எழுப்பிவிடும். அதனால்தான் அப்பாவின் மாத்திரையில் கார்பிடோபா என்ற காவல்காரனும் சேர்ந்திருக்கிறான். வழியில் மாறவிடாமல் தடுத்து உள்ளே அனுப்புவது அவன் வேலை. பூனைக்காலி விதையிலும் இதே லெவோடோபா நிறைய இருக்கிறது. அதன் பொடியை 'சுறுசுறுப்பு தரும்' என்று விற்கிறவர்கள் குகன்ஹைமின் வாந்தியைப் பற்றி விளம்பரத்தில் எழுதுவதில்லை.

லெவோடோபா நாற்பது வருடத்துக்கு மேல் பெரிதாகக் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1957-ல் ஸ்வீடனில் அர்விட் கார்ல்சன், டோபமினையும் அதன் உறவுகளையும் வடித்தெடுத்துவிடும் ரெசர்பின் மருந்தை முயல்களுக்குக் கொடுத்தார். முயல்கள் காது தொங்க அசையாமல் கிடந்தன. லெவோடோபா கொடுத்தார், எழுந்து நடந்தன. 1960-ல் வியன்னாவில் ஓலே ஹோர்னிகீவிச், பார்க்கின்சன் இருந்து இறந்தவர்களின் மூளையில் டோபமின் வெகுவாகக் குறைந்திருப்பதைக் காட்டினார். கார்ல்சனுக்கு 2000-ல் நோபல் பரிசு கிடைத்தது. அப்பாவிடம் முயல் கதையைச் சொன்னபோது "நானும் அந்த முயலும் ஒண்ணு" என்றார்.

ஆரோக்கியமானவர்களிடம் டோபமினைத் தடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நான் படித்ததிலேயே மறக்க முடியாதது, 1977-ல் ஒரு மனநல மருத்துவ இதழில் வந்த சின்னக் கட்டுரை. பெல்மேக்கர், வால்ட் என்ற இரண்டு மருத்துவர்கள், தங்கள் நோயாளிகளுக்குக் கொடுக்கிற ஹாலோபெரிடாலை 5 மி.கி. தங்கள் நரம்பிலேயே ஏற்றிக்கொண்டார்கள். பத்து நிமிடத்தில் யோசனையும் அசைவும் மந்தமாகிவிட்டன. உள்ளே அடங்காத தவிப்பு. இரண்டு பேராலும் வேலையைத் தொடர முடியவில்லை, ஒன்றரை நாளுக்கு மேல் வேலைக்கே வரவில்லை. தங்கள் நிலையைச் சொல்ல அவர்கள் பயன்படுத்திய சொல், விருப்பாற்றல் முடங்கிப்போனது என்பது. தசை நன்றாக இருக்கிறது, நரம்பு நன்றாக இருக்கிறது, செய்ய வேண்டும் என்கிற அந்த உந்துதல் மட்டும் காணாமல் போய்விட்டது. என் தட்டச்சு விரல்கள் சொன்னதும் அதைத்தான், இவ்வளவு பெரிய அளவில் இல்லை என்றாலும். 2010-ல் வந்த இன்னொரு ஆய்வில் ஆரோக்கியமான ஆண்கள் சிலருக்கு இதே மருந்தை ஏற்றி மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். ஓரிரு மணி நேரத்தில் அசைவைக் கட்டுப்படுத்துகிற ஸ்ட்ரியேட்டம் என்ற பகுதியின் பருமனே படத்தில் குறைந்து தெரிந்தது, அசைவு மந்தமானதும் அதோடு ஒத்துப்போனது. மறுநாளுக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது.

ஆக, டோபமினைத் தடுத்தால் ஆரோக்கியமான ஆளும் மந்தமாவார். இதில் சந்தேகமே இல்லை. "அப்படின்னா கூட்டினா வேகமாகணும்ல?" என்றான் இவன்.

இல்லை. இதுதான் அவன் கணக்கில் இருக்கிற தப்பு.

நிரம்பிய குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதை இது. அப்பாவின் மூளையில் டோபமின் சுரக்கிற நரம்பணுக்களில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. குடத்தில் தண்ணீர் அடியில் கிடக்கிறது, ஊற்றினால் மட்டம் ஏறுவது கண்ணுக்குத் தெரிகிறது. இவன் மூளையில் அந்த நரம்பணுக்கள் எல்லாம் வேலை செய்கின்றன. வெளியிலிருந்து வரும் லெவோடோபாவை டோபமினாக்கிச் சிறு பைகளில் அடைத்து வைத்துக்கொள்ளும். கூடுதலாக வெளியே வந்தால் உடனே உறிஞ்சி உள்ளே இழுத்துக்கொள்ளும். அதற்கும் மேல் போனால், நரம்பணு தன் மேலேயே வைத்திருக்கிற ஏற்பிகள் "போதும்" என்று சொல்லிச் சுரப்பைக் குறைக்கும். அந்தக் கடைசிக் கட்டுப்பாடு சில சமயம் வேடிக்கையாகக்கூட முடியும். பிராமிபெக்சோல் என்ற மருந்து டோபமின் போலவே நடிப்பது, பார்க்கின்சனுக்குத் தருவது. ஆரோக்கியமானவர்களுக்கு ஒரே ஒரு சிறு அளவு, 0.5 மி.கி. கொடுத்தபோது தூக்கம்தான் வந்தது. வேகப்படுத்த வேண்டிய மருந்து கொட்டாவி விட வைத்தது.

இன்னொரு விஷயத்தையும் அவனுக்குச் சொன்னேன். எதிர்வினை நேரம் என்பது ஒரே துண்டு இல்லை. பந்தைப் பார்த்ததிலிருந்து மட்டை அசைய ஆரம்பிக்கிற வரை சுமார் 200 மில்லிநொடி. இதில் கண்ணிலிருந்து மூளையின் பின்பக்கம் வரை ஒரு பயணம், அங்கே அது என்ன என்று புரிந்துகொள்ள ஒரு நேரம், எந்தப் பக்கம் அடிப்பது என்று முடிவெடுக்க ஒரு நேரம், பிறகு கட்டளை கைக்கு இறங்க ஒரு நேரம். கடைசித் துண்டை எந்த டோபமின் மருந்தும் தொட முடியாது. நரம்பில் செய்தி நொடிக்கு ஐம்பது அறுபது மீட்டர் வேகத்தில் போகிறது என்றால், அது நரம்பின் தடிமனும் மேலுறையும் முடிவு செய்கிற விஷயம். கண்ணின் பயணமும் ஏறக்குறைய அப்படியே. டோபமின் விளையாடுகிற இடம் முடிவெடுப்பதிலும், அதைவிட முக்கியமாக, முடிவெடுத்த பிறகு கை எவ்வளவு விசையாகப் போகிறது என்பதிலும். பார்த்ததும் புறப்படுவது வேறு, புறப்பட்ட பிறகு போகிற வேகம் வேறு. அப்பாவைக் கவனித்தால் இது தெரியும்: கூப்பிட்டால் அவர் கண் உடனே திரும்பிவிடுகிறது. கழுத்து வரத்தான் நேரமாகிறது.

இந்த விசையைப் பற்றி 2007-ல் இரண்டு நல்ல யோசனைகள் வந்தன. ஒன்று, பார்க்கின்சன் உள்ளவர்களால் வேகமாக அசைய முடியாமல் இல்லை, சொன்னால் அசைகிறார்கள், ஆனால் மூளை அந்த வேகத்துக்கு ஆகிற செலவை அதிகமாகக் கணக்குப் போட்டு மெதுவான வழியைத் தேர்ந்தெடுக்கிறது என்ற ஆய்வு. இன்னொன்று ஒரு கணிதக் கோட்பாடு: சூழலில் பலன் அடிக்கடி கிடைக்கிறது என்றால் சும்மா இருப்பதே நட்டம், ஆகவே விரைந்து செய் என்று மூளைக்குச் சொல்கிற அளவுகோல்தான் பின்னணி டோபமின். 2013-ல் லண்டனில் ஆரோக்கியமானவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். பரிசு தாராளமாகக் கிடைக்கிற நேரங்களில் எல்லோரும் கொஞ்சம் வேகமாகப் பொத்தானை அழுத்தினார்கள். லெவோடோபா போட்டவர்களிடம் பரிசுக்கும் வேகத்துக்கும் இருந்த இந்தத் தொடர்பு இன்னும் வலுவாக இருந்தது. மாத்திரை கையை வேகமாக்கவில்லை, வேகத்துக்கான ஆசையைத் தூண்டியது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

"ஆம்ஃபெட்டமின்?" என்றான். இணையத்தில் படித்திருக்கிறான், கள்ளன்.

அது வேறு ஜாதி. லெவோடோபா மூலப்பொருள் மட்டும் தருகிறது. ஆம்ஃபெட்டமின் என்ற ஊக்கமருந்து இருக்கிற டோபமினை வெளியே கொட்ட வைக்கிறது, மெதில்ஃபெனிடேட் என்ற இன்னொரு ஊக்கமருந்து வெளியே வந்ததைத் திரும்ப உறிஞ்சவிடாமல் வாசலை அடைக்கிறது. மெதில்ஃபெனிடேட்டை 1944-ல் உருவாக்கிய லியாண்ட்ரோ பானிசோன், தன் மனைவி ரீட்டாவின் பெயரையே அதற்கு வைத்தார், ரிட்டலின். அந்த அம்மா டென்னிஸ் ஆடப் போகுமுன் அதைப் போட்டுக்கொள்வாராம். ஆக, இவன் கேள்விக்கு எழுபது எண்பது வருட வரலாறு இருக்கிறது! இவை ஆரோக்கியமானவர்களிடமும் கொஞ்சம் வேலை செய்யும், பொய் சொல்ல விரும்பவில்லை. ஆனால் எப்படி என்று பார்க்க வேண்டும். தூக்கம் கெட்டவர், அலுத்துப்போனவர் அவ்வப்போது அசந்து கோட்டைவிடுவார் இல்லையா, அந்த மிக மெதுவான பதில்கள் குறையும். நன்றாகத் தூங்கி எழுந்தவரின் மிக வேகமான பதில் அதைவிட வேகமாவது அபூர்வம். 1959-ல் அமெரிக்காவில் விளையாட்டு வீரர்களுக்கு ஆம்ஃபெட்டமின் கொடுத்துச் செய்த பெரிய ஆய்வில் நீச்சல்காரர்களுக்குக் கிடைத்த லாபம் ஒரு சதவீதம் அளவுதான்.

அதற்குக் கொடுக்கிற விலை? பிரஸ்ஸல்ஸில் சைக்கிள் வீரர்களுக்கு மெதில்ஃபெனிடேட் 20 மி.கி. கொடுத்து ஓட்ட விட்டார்கள். 18 டிகிரியில் ஒரு வித்தியாசமும் இல்லை. 30 டிகிரி சூட்டில் நேரம் கணிசமாகக் குறைந்தது. ஏன் என்று பார்த்தால், உடம்புச் சூடு 40 டிகிரியைத் தாண்டியும் அவர்களுக்கு அது உறைக்கவில்லை. "போதும், நிறுத்து" என்று சொல்கிற மணியை மருந்து கழற்றிவிட்டது. 1967 ஜூலை 13-ல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் டாம் சிம்ப்சன் வான்டூ மலையேற்றத்தில் கொதிக்கிற வெயிலில் சரிந்து விழுந்து இறந்தபோது அவர் உடம்பில் ஆம்ஃபெட்டமின் இருந்தது. இந்த இரண்டு மருந்தும் போட்டி நேரத்தில் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு தடை செய்தவை என்பதையும் சொன்னேன். சிம்ப்சனை விட இந்தத் தடைதான் அவன் முகத்தை மாற்றியது. பத்தொன்பது வயது.

இவ்வளவும் வாயால் சொன்னால் போதாது என்று 30 செ.மீ. ஸ்கேல் ஒன்றை எடுத்தேன். ஒருவர் மேல் நுனியைப் பிடித்துக்கொள்ள வேண்டும், மற்றவர் கீழ் நுனியில் விரலைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். சொல்லாமல் விட்டதும் பிடிக்க வேண்டும். எத்தனை செ.மீ.யில் பிடித்தோம் என்பதிலிருந்து நேரத்தைக் கணக்கிடலாம்: 20 செ.மீ. என்றால் 202 மில்லிநொடி. செல்பேசிச் செயலிகளை நான் நம்புவதில்லை. திரை புதுப்பிக்க 16 மில்லிநொடி, தொடுதிரை கவனிக்க இன்னும் கொஞ்சம் என்று அவை தின்றுவிடுகின்றன.

பத்துத் தடவை சராசரி, அவனுக்கு 18 செ.மீ., அதாவது 192 மில்லிநொடி. எனக்கு 22, கணக்குப் போட்டால் 212. (வயது கூடக் கூட டி2 ஏற்பிகள் குறைகின்றன, விரல் தட்டும் வேகமும் கூடவே குறைகிறது என்று 1998-லேயே பார்த்திருக்கிறார்கள். நாற்பத்தாறு வயதில் இதைப் படிப்பதில் ஒரு சுகமும் இல்லை.)

பிறகு சொன்னேன், "இப்போ யார் தோக்குறாங்களோ அவங்க ஒரு வாரம் பாத்திரம் கழுவணும்."

பதினைந்தரை. 178 மில்லிநொடி. எந்த மாத்திரையும் இல்லாமல் 14 மில்லிநொடி குறைந்தது. பயிற்சியால் குறைந்திருக்கலாம் என்று நானே மறுப்பும் சொன்னேன். மறுபடி பந்தயம் இல்லாமல் பத்துத் தடவை விட்டேன், பதினேழரைக்குத் திரும்பிவிட்டான். பந்தயத்தின்போது மூன்று தடவை நான் விடுவதற்கு முன்பே விரலை மூடிவிட்டான் என்பதையும் குறித்து வைத்திருக்கிறேன். ஓட்டப் பந்தயத்தில் வெடிச் சத்தத்துக்குப் பிறகு 100 மில்லிநொடிக்குள் கிளம்பினால் தவறான தொடக்கம் என்று வெளியேற்றுவது இதனால்தான். ஆசை கூடினால் அவசரமும் கூடும்.

இதையெல்லாம் வெகு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா, "எனக்கும் போடுங்கடா" என்றார். மாத்திரை நன்றாக வேலை செய்துகொண்டிருந்த நேரம். 24 செ.மீ.யில் பிடித்தார், 221 மில்லிநொடி. எனக்கும் அவருக்கும் ஒன்பது மில்லிநொடிதான் வித்தியாசம். பேரன் கைதட்டினான். அவர் ஸ்கேலைத் திருப்பிக் கொடுக்கவில்லை, தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அன்று ராத்திரி மாத்திரைப் பெட்டியை எடுத்து எண்ணினேன். சரியாக இருந்தது. எண்ணியதை யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மாத்திரையும் தண்ணீருமாகப் போனேன். அப்பா ஸ்கேலை நீட்டினார். "முதல்ல இது. மாத்திரை அப்புறம்." பிடித்து விட்டேன். விரல்கள் மூட ஆரம்பித்தன, ஸ்கேல் அவற்றுக்கு நடுவே இறங்கித் தரையில் விழுந்து சத்தம் போட்டது. குனிந்து எடுத்தேன். அவர் விரல்கள் இன்னும் மூடிக்கொண்டிருந்தன.

"இதை எழுதிக்காதே," என்றார். "ஏழு மணிக்கு வா."